கட்டை போட ஆள் வேண்டும்

மாநில அணிகள் நாலு நாள் மேட்ச் ஆடுகிற ரஞ்சி கோப்பையைத் தமிழ்நாடு கடைசியாக ஜெயித்தது 1987-88 சீசனில். வாசுதேவன் கேப்டன், சேப்பாக்கத்தில் ஃபைனல், எதிரணி ரயில்வேஸ். அந்த வருடம் பிறந்தவர்களில் பலர் கிரிக்கெட் ஆடி முடித்து ஓய்வே பெற்றுவிட்டார்கள். அதற்கு முன்னால் ஜெயித்தது 1954-55இல், பாலு அழகணன் தலைமையில், அணிக்கு மெட்ராஸ் என்று பெயர் இருந்த காலத்தில். அவ்வளவுதான். ரஞ்சியின் முதல் மேட்சே 1934 நவம்பரில் நம்ம சேப்பாக்கத்தில்தான் நடந்தது, மைசூரை ஒரே நாளில் சுருட்டி அனுப்பினோம், அப்படி ஆரம்பித்த ஊருக்கு இத்தனை வருடத்தில் மொத்தம் ரெண்டு கோப்பை. மும்பையிடம் 42 இருக்கிறது. அந்த ஒப்பீட்டுக்கே போக வேண்டாம், விதர்பா 2017-18இலிருந்து மட்டும் மூன்று முறை ஜெயித்துவிட்டது, அதுவே போதும் நம்ம வயிறு எரிய.

போன சீசன், அதாவது 2025-26, எப்படி ஆரம்பித்தது என்று நினைத்துப் பாருங்கள். கோயம்புத்தூரில் ஜார்கண்டுடன் முதல் மேட்ச். அவர்கள் 419, இஷான் கிஷன் மட்டும் 173. நாம் 93 ஆல் அவுட், அப்புறம் ஃபாலோ ஆன் வாங்கி 212. இன்னிங்ஸ் தோல்வி, அதுவும் நம்ம வீட்டில். கடைசியில் காலிறுதிக்கே போகவில்லை. 2023-24இல் அரையிறுதி, 2024-25இல் காலிறுதி, இப்போது லீக் சுற்றோடு சரி, படி இறங்குகிற மாதிரி ஒழுங்காக இறங்கிக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். செலக்‌ஷன் சரியில்லை, ஃபாஸ்ட் பௌலர் இல்லை, ஐபிஎல் கெடுத்துவிட்டது, நம்ம ஊர் டி20 லீகான டிஎன்பிஎல் கெடுத்துவிட்டது, பிட்ச் சரியில்லை. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் என்னைக் கேட்டால் முதல் குறை, மற்ற குறைகளை எல்லாம் பெரிதாக்கிக் காட்டுகிற குறை, நம்மிடம் நாள் முழுக்க நின்று கட்டை போடுகிற, அதாவது அவுட் ஆகாமல் பந்தைத் தடுத்துக்கொண்டே இருக்கிற ஆள் இல்லை என்பதுதான். ஒரு மேட்சில் ஒருவர் நிற்பார், அடுத்த மேட்சில் அவர் ஸ்லிப்பில் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். டாப் ஆர்டரில் ரெண்டு பேராவது, வருகிற சீசனின் ஏழு லீக் மேட்சிலும், பந்து புதிதாக இருக்கும்போது அவுட் ஆகாமல் இருக்க வேண்டும். பௌண்டரி அடிக்கிறாரா, ஸ்ட்ரைக் ரேட் என்ன என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ரஞ்சியின் பாயின்ட் கணக்கைப் பார்த்தாலே இது புரியும். நேரடியாக ஜெயித்தால் 6, இன்னிங்ஸிலோ பத்து விக்கெட்டிலோ ஜெயித்தால் இன்னொன்று சேர்த்து 7. மேட்ச் டிரா ஆனால் முதல் இன்னிங்ஸில் லீட், அதாவது எதிரணியைவிட அதிக ரன், எடுத்தவருக்கு 3, எடுக்காதவருக்கு 1. நாலு நாள் மேட்ச், ஃப்ளாட் பிட்ச், நடுவில் மழை வேறு, நிறைய மேட்ச் அந்த மூணுக்கும் ஒண்ணுக்கும் நடக்கிற சண்டைதான். நாக்அவுட்டில் இன்னும் மோசம், டிரா ஆனால் லீட் எடுத்தவர் அடுத்த சுற்றுக்கு, மற்றவர் வீட்டுக்கு. 2024-25இல் கேரளா ஃபைனலுக்குப் போன கதை ஞாபகம் இருக்கும். காலிறுதியில் ஜம்மு காஷ்மீரோடு ஒரே ஒரு ரன் லீட். அரையிறுதியில் கேரளா 457, குஜராத் 455. குஜராத்தின் கடைசி ஆள் வீசி அடித்த பந்து ஷார்ட் லெக்கில் நின்ற சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் பட்டு எகிறி ஸ்லிப்பில் சச்சின் பேபி கைக்குப் போனது. அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஹெல்மெட்டுக்கு வேலை வருவதற்கு முன்னால் முதல் இன்னிங்ஸில் யாரோ உட்கார்ந்து 457 சேர்த்து வைத்திருந்தார்கள் இல்லையா? அதைச் செய்யாத அணிக்கு எந்த ஹெல்மெட்டும் உதவாது.

நம்ம பக்கம் இதே பாடத்தை நாம் படித்தது 2011-12 ஃபைனலில், அதுவும் சேப்பாக்கத்திலேயே. ராஜஸ்தான் வந்தார்கள், முந்தைய வருடமும் அவர்கள்தான் சாம்பியன். வினீத் சக்சேனா என்று ஒரு ஓப்பனர். ஐபிஎல் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மனிதர் கட்டை போட ஆரம்பித்தார், போட்டுக்கொண்டே இருந்தார், ரெண்டு நாளுக்கு மேல் ராஜஸ்தான் பேட்டிங்தான் நடந்தது. அவர் 257, அணி 621. அதற்கு மேல் ஆட மேட்சில் என்ன இருக்கிறது? லீட் அடிப்படையில் கோப்பை ஜெய்ப்பூர் போனது. பார்க்க போர் அடித்தது, கேலரியில் ஆள் தூங்கினார்கள், அதெல்லாம் உண்மை. கோப்பையும் அவர்களிடம் இருக்கிறது, அதுவும் உண்மை.

மூன்று வருடம் கழித்து வான்கடேயில் கர்நாடகாவுடன் ஃபைனல், 2014-15. நாம் முதலில் ஆடி 134. பிறகு அவர்களையும் 84க்கு 5 என்று கொண்டுவந்து நிறுத்தினோம், மேட்ச் கையில் இருந்தது. அங்கிருந்து கருண் நாயரும் கே.எல். ராகுலும் சேர்ந்து ஆடிய ஆட்டத்தில் ஸ்கோர் 762க்குப் போய் நின்றது. நாயர் 328. விதியைப் பாருங்கள், அதே நாயர் பத்து வருடம் கழித்து விதர்பாவுக்குப் போய், 2024-25 காலிறுதியில் நாக்பூரில் மறுபடி நமக்கு எதிராகவே செஞ்சுரி அடித்தார், 198 ரன்னில் தோற்றோம். ஒரே ஆள் ரெண்டு அணிக்காக நம்மைப் பிழிந்தெடுத்திருக்கிறார். நம்ம ஊர்க்காரர் ஒருவர் அப்படி ஒரு நாக்அவுட் மேட்சில் எதிரணியை வெறுப்பேற்றியதைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்துப் பார்த்தேன், சட்டென்று ஒரு பெயர் வரவில்லை.

2023-24 அரையிறுதியும் இதே ரகம்தான். மும்பையில், பிகேசி மைதானத்தில், டாஸ் ஜெயித்து பேட்டிங் எடுத்து 146 ஆல் அவுட். பேட்டிங் எடுத்ததே தப்பு என்று கோச் சுலக்ஷன் குல்கர்னி வெளிப்படையாகவே சொல்லிவிட்டார், கேப்டன் சாய் கிஷோரை இப்படி விட்டுக்கொடுக்கலாமா என்று தினேஷ் கார்த்திக் கோபப்பட்டார், ரெண்டு நாளைக்கு நல்ல விவாதம் ஓடியது. எனக்கு அந்த டாஸ் விவாதத்தில் பெரிய ஈடுபாடு இல்லை. பிட்ச் முதல் காலையில் ஈரமாக இருந்தால் அந்த ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும், அதற்குத்தானே ஓப்பனர்? மும்பையும் 106க்கு 7 என்று தடுமாறியது. அங்கே ஷர்துல் தாக்கூர் ஒன்பதாவதாக வந்து 109 அடித்தார், தனுஷ் கோட்டியான் கூடவே நின்று 89 நாட் அவுட், 378 வரை போனார்கள். அவர்கள் டெய்ல், கடைசியில் இறங்குகிற பௌலர்கள், ஆடிய ஆட்டத்தை நம்ம டாப் ஆர்டர் ஆடவில்லை, கதை அங்கேயே முடிந்தது. சாய் கிஷோர் அந்த இன்னிங்ஸில் ஆறு விக்கெட் எடுத்தார், சீசன் முழுக்க 53 விக்கெட், நாட்டிலேயே அதிகம். பௌலிங்கில் ஒருவர் இவ்வளவு செய்தும் போதவில்லை என்றால் குறை எங்கே என்று தெரிகிறதுதானே.

சரி, ஆள் ஏன் வரவில்லை? திறமை இல்லாமலா? நம்ம ஆட்டக்காரர்களுக்குத் திறமை இல்லை என்று வாய் தவறிக்கூடச் சொல்ல முடியாது. 2022 நவம்பரில் விஜய் ஹசாரே ஒருநாள் கோப்பையில் அருணாச்சலப் பிரதேசத்துக்கு எதிராக ஜெகதீசன் 141 பந்தில் 277 அடித்தார், அவரும் சாய் சுதர்சனும் முதல் விக்கெட்டுக்கு 416, அணி 50 ஓவரில் 506. எதிரணி சின்ன அணி என்றாலும் ஐம்பது ஓவரில் 506 எடுப்பதற்கு அசாத்தியத் திமிர் வேண்டும். முஷ்டாக் அலி டி20 கோப்பையை 2020-21, 2021-22 என்று அடுத்தடுத்து ஜெயித்தோம், ரெண்டாவதில் கடைசிப் பந்தில் ஷாருக் கான் அடித்த சிக்ஸ் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது, எதிரில் கர்நாடகா என்பதால் கூடுதல் ருசி. விஜய் ஹசாரே ஐந்து முறை. ஆக டி20, ஒருநாள் ஆடுகிற வெள்ளைப் பந்து என்றால் நாம் பெரிய ஆள், ரஞ்சி ஆடுகிற சிவப்புப் பந்து என்றால் கை நடுங்குகிறது.

டிஎன்பிஎல் 2016இல் வந்தது. சின்னப்பம்பட்டி நடராஜனை ஊர் முழுக்கத் தெரிய வைத்தது அதுதான், வருண் சக்கரவர்த்தியையும் அப்படித்தான் கண்டெடுத்தோம், நத்தத்திலும் கோவையிலும் சேலத்திலும் இருக்கிற பசங்களுக்கு டிவியில் முகம் தெரிகிறது, இதையெல்லாம் குறை சொல்கிறவன் நான் இல்லை. ஆனால் பதினெட்டு வயதுப் பையன் ஒருத்தன் யோசிக்கும்போது இருபது பந்தில் நாற்பது அடித்தால் ஐபிஎல் ஸ்கவுட் பார்ப்பான், இருநூறு பந்தில் எழுபது அடித்தால் யார் பார்ப்பார்கள் என்று கணக்குப் போடத்தானே செய்வான்? அவன் அப்பாவும் அதையேதான் கணக்குப் போடுவார். தப்பே இல்லை. அந்தக் கணக்கை மாற்ற வேண்டியது தமிழ்நாடு கிரிக்கெட் அசோசியேஷன் (டிஎன்சிஏ) வேலை. ரஞ்சியில் இருநூறு பந்து நின்றவனுக்கு அடுத்த சீசன் இடம் உறுதி என்று தெரிந்தால் அவன் நிற்பான்.

இடம் உறுதி என்பதைத்தான் இங்கே யாரும் கொடுப்பதில்லை. மூன்று சீசனில் கோச் மூன்று பேர், குல்கர்னி, பாலாஜி, செந்தில்நாதன். கேப்டனும் மாறுகிறார். ஓப்பனர் ரெண்டு மேட்ச் சரியாக ஆடவில்லை என்றால் வெளியே, அவருக்குப் பதில் வந்தவர் ரெண்டு மேட்ச், அவரும் வெளியே, பிறகு முதலாமவர் மறுபடி உள்ளே, இந்தச் சுற்றில் யாருக்கும் பதற்றம் இல்லாமல் ஆட மனம் வராது. பதற்றத்தில் இருக்கிறவன் முதல் அரை மணியிலேயே ஷாட் ஆடுவான், ஏனென்றால் ஸ்கோர்போர்டில் ஏதாவது ஒரு நம்பர் காட்டினால்தான் அடுத்த மேட்ச். அபராஜித் கேரளாவுக்குப் போய்விட்டார், விஜய் சங்கர் திரிபுராவுக்குப் போய்விட்டார். அவரவர் காரணம் அவரவருக்கு, ஆனால் அனுபவம் உள்ள ஆட்டக்காரர்கள் வேறு மாநிலத்துக்கு ஆடக் கிளம்பும்போது இங்கே யாராவது உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்.

கோச் சந்திரகாந்த் பண்டிட்டைப் பாருங்கள். ரஞ்சி கோப்பையை வாங்கிக் கொடுத்தார், விதர்பாவுக்கு ரெண்டு முறை தொடர்ந்து, பிறகு மத்தியப் பிரதேசத்துக்கு 2021-22இல், ஃபைனலில் மும்பையையே தோற்கடித்து. அவருடைய கெடுபிடி எல்லோருக்கும் பிடிக்காது, ஐபிஎல்லில் அதைப் பற்றி ஏகப்பட்ட பேச்சு. இருக்கட்டும். விதர்பாவில் வாசிம் ஜாஃபர் என்று நாற்பது வயதைத் தொட்டவரை வெளியிலிருந்து கூட்டிவந்து மேலே ஆடவைத்தார்கள், இளைஞர்கள் அவரைச் சுற்றி ஆடினார்கள். நமக்கும் அப்படி ஒருவர் வந்தால் என்ன குறைந்துவிடும்? வெளி மாநில ஆள் என்றால் கௌரவம் போய்விடுமா? நம்ம சென்னை ஃபர்ஸ்ட் டிவிஷன் லீகில் கம்பெனி டீம்கள் எத்தனை வெளி மாநில ஆட்டக்காரர்களை வரவழைத்து ஆடவைக்கின்றன, அதில் யாருக்கும் கௌரவப் பிரச்சினை வரவில்லையே.

லீகைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். சென்னை லீக் மாதிரி ஒரு லீக் இந்தியாவில் வேறு எங்கும் இல்லை என்று பெருமை பேசியே வளர்ந்தவர்கள் நாம். பெருமைக்குக் காரணமும் இருக்கிறது, ஒரு காலத்தில் லீக் மேட்சுக்கே கூட்டம் சேரும். வெளி மாநில ஆட்டக்காரர்கள் வருவதால் தரம் கூடுகிறது, நம்ம பையன் நல்ல பௌலரை எதிர்த்து ஆடுகிறான், அது லாபம். நஷ்டம் என்னவென்றால் டீம் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக மூணாம் இடமும் நாலாம் இடமும் வந்தவருக்குப் போகிறது, நம்ம பையன் ஆறாவது ஏழாவதில் இறங்கி டிக்ளேர் பண்ணுவதற்கு முன்னால் நாலு சிக்ஸ் அடிக்கிறான். அவனையே ரஞ்சியில் மூணாவதாக அனுப்பிப் புதுப்பந்தைச் சமாளி என்றால் எப்படிச் சமாளிப்பான்? டாப் ஃபோரில் ரெண்டு பேராவது தமிழ்நாட்டுக்கு ஆடத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி போட்டால் கம்பெனிகள் கத்தும். கத்தட்டும்.

பௌலிங்கைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. ஸ்பின் எப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஃபாஸ்ட் பௌலிங்தான் வேடிக்கை, ஃபாஸ்ட் பௌலர்களுக்குப் பயிற்சி தருகிற எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷன் 1987இலிருந்து நம்ம சென்னையில் இருக்கிறது, டென்னிஸ் லில்லி வந்து சொல்லிக்கொடுத்த இடம், இந்தியா முழுக்க அங்கிருந்து பௌலர்கள் போயிருக்கிறார்கள், தமிழ்நாடு மட்டும் வருடா வருடம் புதுப்பந்துக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறது. 2024 அக்டோபரில் கோயம்புத்தூரில் குர்ஜப்னீத் சிங் சௌராஷ்டிராவை 22 ரன்னுக்கு 6 விக்கெட் என்று எடுத்தாரே, புஜாரா டக் அவுட், அதைப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டோம். அப்படிப்பட்ட ரெண்டு பேர் முழு சீசன் காயமில்லாமல் கிடைத்தால் போதும். போன சீசனில் நாகாலாந்தோடு 512க்கு 3 என்று டிக்ளேர் பண்ணினோம், பிரதோஷ் டபுள் செஞ்சுரி, விமல் குமார் 189. அவர்களும் 400க்கு மேல் ஆடிவிட்டார்கள். இருபது விக்கெட் எடுக்க முடியாத அணிக்கு எத்தனை ரன் இருந்தும் மூணு பாயின்ட்தான்.

இதற்கு வழக்கமான மருந்தாக ஒருவர் உடனே எழுந்து நல்ல டர்னிங் பிட்ச் போடுங்கள் என்பார். அவருக்கு 1972-73 ஃபைனலை ஞாபகப்படுத்த வேண்டும். சேப்பாக்கம், நம்மிடம் வெங்கட்ராகவன், வி.வி. குமார், பந்து முதல் நாளிலிருந்தே திரும்பியது. எதிரில் பம்பாய், அவர்களிடம் சிவால்கர். அவர் 16 ரன்னுக்கு 8 விக்கெட், பிறகு 18 ரன்னுக்கு 5. நாம் 80க்கும் 61க்கும் ஆல் அவுட், மூன்றாம் நாள் ஒரே ஒரு பந்தில் மேட்ச் முடிந்தது. திரும்புகிற பிட்சில் எதிரணி ஸ்பின்னருக்கும் பந்து திரும்பத்தான் செய்யும், நம்ம பேட்டிங் நிற்கவில்லை என்றால் நாம் வெட்டிய குழியில் நாமே. சமமான பிட்ச் போடுங்கள், முதல் நாள் காலை பேஸுக்குக் கொஞ்சம், நாலாம் நாள் ஸ்பின்னுக்குக் கொஞ்சம். அப்படிப்பட்ட பிட்சில் ஆடிப் பழகியவன்தான் நாக்பூரிலும் மும்பையிலும் போய் நிற்பான்.

இன்னொரு தலைவலி மழை. ரஞ்சியின் முதல் பாதி அக்டோபர், நவம்பர். நமக்கு வடகிழக்குப் பருவமழை சரியாக அந்த நேரம். சென்னையில் நெட்ஸ் கூட ஒழுங்காகப் போட முடியாது, மேட்சை கோயம்புத்தூருக்கு மாற்றினால் அங்கேயும் மழை துரத்திக்கொண்டு போகும். இப்போது சீசனை ரெண்டாகப் பிரித்து நடுவில் டி20யும் ஒருநாளும் வைத்துவிட்டார்கள், ஐந்து மேட்ச் முதல் பாதியிலேயே முடிந்துவிடுகிறது, அதில் சறுக்கினால் ஜனவரியில் மிச்ச ரெண்டு மேட்சில் என்ன பண்ணினாலும் எழுந்திருப்பது கஷ்டம். அதனால் செப்டம்பருக்குள் தயாராக இருக்க வேண்டும். டிஎன்பிஎல் ஜூலை ஆரம்பத்தில் முடிந்துவிடுகிறது, சீசனுக்கு முந்தைய சிவப்புப் பந்துப் போட்டியான புச்சி பாபு ஆகஸ்ட் நடுவில். இடையில் இருக்கிற அந்தச் சில வாரம்தான் நமக்கு உண்மையான சீசன். டாப் ஆர்டரை மட்டும் பிரித்து எடுத்து, தர்மசாலா பக்கம் எங்காவது பந்து அசைகிற இடத்துக்குக் கூட்டிப்போய், ரெண்டு வாரம் வெறும் சிவப்புப் பந்து. டி20 பேட்டையே ஊரில் வைத்துவிட்டுப் போகட்டும்.

புச்சி பாபுவில் நாம் ரெண்டு அணி இறக்குகிறோம், ஒன்று பிரசிடென்ட்ஸ் லெவன், இன்னொன்று டிஎன்சிஏ லெவன். அந்த மேட்சுகளில் யார் எத்தனை ரன் என்று பார்க்காமல் யார் எத்தனை பந்து ஆடினார் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் ஓப்பனர் யார் என்பதற்கு விடை அதிலேயே கிடைத்துவிடும். சாய் சுதர்சன் வருவார், வாஷிங்டன் சுந்தர் வருவார் என்று அவர்களை நம்பித் திட்டம் போடுவதை முதலில் நிறுத்த வேண்டும். இந்திய அணி, இந்தியா ஏ, ஐபிஎல் எல்லாம் போக மிச்ச நாளில் வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் அணி ஆட வேண்டும். தேர்வுக்குழுவிடம் நான் கேட்பது ஒன்றுதான். அக்டோபர் முதல் மேட்சுக்கு ரெண்டு ஓப்பனரையும் ஒரு மூணாம் நம்பரையும் அறிவிக்கும்போதே, முதல் ஐந்து மேட்சுக்கும் இவர்கள்தான், ஐந்து மேட்சிலும் முட்டை போட்டாலும் இவர்கள்தான் என்று சொல்லிவிடுங்கள்.